கயோட்டி: ஒரு நூறாண்டு வேட்டையின் கணக்கு

ஒரே நிலம், ஒரே பொறி, ஒரே விஷம், ஒரே வேட்டைக்காரர்கள். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் இவை இரண்டு விலங்குகள் மீது ஏவப்பட்டன. ஓநாய் 1930-களுக்குள் அந்த மேய்ச்சல் நிலங்களில் ஏறக்குறைய இல்லாமலே போனது. கயோட்டியோ இருந்த இடத்திலும் இருந்தது, கிழக்கே அட்லாண்டிக் கரைக்கும் தெற்கே பனாமாவுக்கும் பரவியும் விட்டது. இன்றைக்கு ஹவாய் தவிர மற்ற 49 மாநிலங்களிலும் உண்டு. எப்படி நடந்தது இது? கொஞ்ச நாளாக இதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் ஆளை அறிமுகப்படுத்திவிடுகிறேன். கயோட்டி நம்மூர் குள்ளநரிக்குச் சொந்தக்காரன். நாய், ஓநாய், குள்ளநரி எல்லாம் இருக்கிற அதே கேனிஸ் பேரினம்தான். மேற்கில் சுமார் 10 முதல் 15 கிலோ எடை. ஆஸ்டெக் மக்களின் நாவாட்டில் மொழியில் 'கொயோட்டில்', அது ஸ்பானிஷ் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 1804-ல் மேற்கே போன லூயிஸும் கிளார்க்கும் இதைப் 'புல்வெளி ஓநாய்' என்று எழுதினார்கள். 1823-ல் தாமஸ் சே வைத்த அறிவியல் பெயர் கேனிஸ் லாட்ரான்ஸ், அதாவது குரைக்கும் நாய். நம் கதைகளில் நரி செய்கிற தந்திரத்தையெல்லாம் நவஹோ மக்களின் கதைகளில் கயோட்டி செய்யும். அந்தக் கதைகளைக் குளிர்காலத்தில்தான் சொல்வார்கள்.

பண்ணைக்காரருக்கு இது கதை விலங்கு இல்லை. கயோட்டி ஜனவரி முதல் மார்ச் வரையில் இணையும். சுமார் 63 நாள் கர்ப்பம். ஆக ஏப்ரல், மே மாதங்களில் வளையில் குட்டிகள். மலைச்சரிவுப் பட்டிகளில் செம்மறி ஆடு குட்டி போடுவதும் அதே சமயத்தில்தான். வளையில் ஐந்தாறு வாய் காத்திருக்கிறது, வெளியே ஓடத் தெரியாத ஆட்டுக்குட்டி மேய்கிறது. அப்புறம் என்ன ஆகும்?

அனுபவமுள்ள ஆட்டுக்காரர் செத்த குட்டியைப் பார்த்தவுடனே கயோட்டியைக் குற்றம் சொல்ல மாட்டார். கழுத்துத் தோலை உரித்துப் பார்ப்பார். தொண்டையில் பல் பதிந்த துளையும், தோலுக்கு அடியில் ரத்தம் கட்டின கன்றலும் இருந்தால், உயிரோடு இருக்கும்போதே கடித்திருக்கிறது என்று அர்த்தம். கன்றல் இல்லையென்றால், வேறெதிலோ செத்ததைக் கயோட்டி வந்து தின்றிருக்கிறது. பின்தொடை, காது என்று கண்டபடி குதறியிருந்தால் பெரும்பாலும் ஊர் நாயின் வேலை.

பொறி வைப்பதும் லேசுப்பட்ட வேலை இல்லை. நியூயார்க் மாநிலத்தில் ஒனைடா என்ற சமூகக் குடியிருப்பில் சூவல் நியூஹவுஸ் என்பவர் செய்த இரும்புப் பொறிகள் 19-ம் நூற்றாண்டில் நாடு முழுக்கப் பரவின. பொறியைக் கொதிக்க வைத்து மனித வாடையைப் போக்கி, நடைபாதை ஓரமாகப் புதைத்து, மேலே மண்ணைச் சலித்துத் தூவி, பக்கத்தில் கயோட்டி மூத்திரத்தைத் தெளிப்பார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒருமுறை கால் சிக்கித் தப்பிய கயோட்டி பாடம் படித்துவிடும். பிறகு அதை அந்தப் பொறியில் பிடிப்பது ரொம்பக் கஷ்டம்.

அப்புறம் விஷம். ஸ்டிரிக்னைன். நமக்குத் தெரிந்த எட்டிக்கொட்டையிலிருந்து எடுப்பதுதான் அது. எட்டி மரம் தெற்கு ஆசியாவுக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் உரியது. நம் காட்டு மரத்தின் கசப்பு வயோமிங், மொன்டானா புல்வெளிகளில் இறைச்சித் துண்டுகளுக்குள் இருந்தது என்று படித்தபோது எனக்குக் கொஞ்சம் திக்கென்றுதான் இருந்தது.

தலைக்கு இவ்வளவு என்று பரிசு கொடுக்கிற முறைதான் ஆரம்பத்தில் இருந்தது. அதில் மோசடி மலிந்தது. 1915-ல் அமெரிக்க நாடாளுமன்றம் 1,25,000 டாலர் ஒதுக்கியது. உயிரியல் ஆய்வுத் துறை சம்பளத்துக்கு வேட்டைக்காரர்களை வைத்தது. 1931-ல் தனிச் சட்டமே வந்தது, பத்து வருடத்துக்கு வருடம் 10 லட்சம் டாலர். 1940-களில் சோடியம் ஃப்ளோரோஅசிடேட் என்ற '1080' விஷம் சேர்ந்தது.

எதிர்க்குரல் இல்லாமல் இல்லை. விலங்கியலாளர்கள் 1920-களிலேயே ஆட்சேபித்தார்கள். யெல்லோஸ்டோனில் கயோட்டி உண்மையில் என்ன தின்கிறது என்று அடால்ஃப் மியூரி ஆராய்ந்தார். 5,000-க்கும் மேற்பட்ட எச்சங்களைப் பொறுக்கிப் பிரித்துப் பார்த்து 1940-ல் புத்தகமாகப் போட்டார். உள்ளே முக்கியமாக இருந்தவை எலி வகைகள். வெட்டுக்கிளியும் இருந்தது. அரசின் வேட்டைத் திட்டம் அதனால் நின்றுவிடவில்லை.

ஓநாய் அழிந்து கயோட்டி பிழைத்த ரகசியமும் இங்கேதான் இருக்கிறது. ஓநாய் கூட்டமாக வாழ்வது, பெரிய இரையை நம்பியிருப்பது. கயோட்டி தனியாகவும் இருக்கும், ஜோடியாகவும் இருக்கும், கூட்டமாகவும் இருக்கும். மானும் தின்னும், எலியும் தின்னும், தர்பூசணியும் தின்னும். போதாக்குறைக்கு, ஓநாய் கயோட்டியைக் கொல்கிற விலங்கு. 1995-ல் யெல்லோஸ்டோனுக்கு ஓநாயைத் திரும்பக் கொண்டுவந்த பிறகு பூங்காவின் வடபகுதியில் கயோட்டிகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. ஆக, ஓநாயை ஒழித்தவர்கள் கயோட்டிக்குப் பாதை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆவணம் ஒரு கணினிக் கணக்கு. 1975-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கானலியும் லாங்ஹர்ஸ்டும் கயோட்டித் தொகையை மாதிரியாக்கி ஓட்டிப் பார்த்தார்கள். வருடா வருடம் 75 சதவீதத்தைக் கொன்றால்கூட, முழுவதும் அழிய 50 வருடத்துக்கு மேல் ஆகும் என்று விடை வந்தது.

நம்ப முடியவில்லையா? விளக்கத்துக்காக நானே போட்ட ஒரு சின்னக் கணக்கு இது. ஒரு பகுதியில் 100 கயோட்டி. 60-ஐக் கொன்றாயிற்று. மிச்சம் 40, அதாவது 20 ஜோடி. சாதாரணமாக ஒரு கூட்டத்தில் தலைமை ஜோடிதான் குட்டி போடும். இப்போது இடம் காலி, எலியும் முயலும் ஏராளம், அதனால் எல்லா ஜோடியும் போடுகிறது. ஜோடிக்கு 6 என்றால் 120 குட்டி. பாதி பிழைத்தாலே 60. நாற்பதும் அறுபதும் நூறு! அடுத்த வருடம் மறுபடி முதலிலிருந்து.

விதிவிலக்கும் ஒன்று உண்டு. டெக்சாஸின் எட்வர்ட்ஸ் பீடபூமியில் ஆட்டுக்காரர்கள் கம்பி வலை வேலி போட்டு, பக்கத்துப் பண்ணைகளோடு சேர்ந்து தலைமுறைக் கணக்கில் பொறி வைத்து, பெரும்பகுதியிலிருந்து கயோட்டியை விரட்டியே விட்டார்கள். செம்மறி குறைந்து, பண்ணைகள் துண்டாகி, கூட்டு முயற்சி தளர்ந்தபோது அது திரும்பி வந்தது.

விஷத்தின் விலையை மற்ற உயிர்களும் கொடுத்தன. 1971-ல் வயோமிங்கில் காஸ்பர் நகரத்துக்குப் பக்கத்தில் தாலியம் வைத்த இரையைத் தின்று கழுகுகள் செத்துக் கிடந்தன. 1972 பிப்ரவரியில் அதிபர் நிக்சன் அரசு நிலங்களில் இத்தகைய விஷங்களைத் தடுத்து ஆணையிட்டார். பிறகு அது படிப்படியாகத் தளர்ந்தது. சயனைடு பீய்ச்சும் எம்-44 கருவி நிலைத்தது. 2017-ல் ஐடஹோவின் பொகடெல்லோ அருகே ஒரு சிறுவன் அதைத் தெரியாமல் தொட, அவனுடைய நாய் செத்தது.

இவ்வளவுக்கும் நடுவில், அரசு வேட்டைத் துறையின் அறிக்கைகளில் பிரதானமாக நின்றது கொன்ற தலைகளின் எண்ணிக்கை. சமீப காலத்திலும் வருடத்துக்கு 60,000-க்கு மேல் போன வருடங்கள் உண்டு. ஐ.டி. வேலையில் இருக்கிறவர்களுக்கு இது பழகின கதை. எத்தனை டிக்கெட் மூடினோம் என்று அறிக்கை போகும். வாடிக்கையாளரின் பிரச்சினை தீர்ந்ததா என்பது வேறு கேள்வி. ஆட்டுக்காரரின் கேள்வி எத்தனை கயோட்டி செத்தது என்பதா? எத்தனை குட்டி பிழைத்தது என்பதுதானே?

அந்தக் கேள்வியை நேராகக் கேட்டவர்கள் வடக்குக் கலிபோர்னியாவின் ஹாப்லாண்ட் ஆய்வுப் பண்ணைக்காரர்கள். கயோட்டிகளுக்கு ரேடியோ பட்டை மாட்டிக் கவனித்தார்கள். ஆட்டைக் கொன்றவை பெரும்பாலும் அந்த எல்லையைப் பிடித்து வைத்திருந்த, இனப்பெருக்கம் செய்கிற ஜோடிகள். பொறியில் எளிதாக மாட்டியவை இளசுகள்! கண்டதையெல்லாம் பிடித்துக் கொன்றதில் ஆட்டு இழப்பு குறையவில்லை. குற்றவாளி ஜோடியை எடுத்தபோது குறைந்தது, அதுவும் அடுத்த ஜோடி வந்து குடியேறும் வரைக்கும்தான். யூட்டாவில் இன்னொரு வழி பார்த்தார்கள். கருத்தடை செய்து விட்ட ஜோடிகள் எல்லையை விடாமல் காத்தன, ஆனால் வளையில் குட்டி இல்லாததால் குறைவான ஆட்டுக்குட்டிகளையே கொன்றன. ஆட்டைத் தொடாத ஒரு ஜோடி உங்கள் எல்லையில் இருந்தால், அதைச் சுடாமல் விடுவதே பண்ணைக்கு லாபம் என்பதுதான் இதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிற பாடம்.

1942-ல் அமெரிக்காவில் 5 கோடியே 60 லட்சம் செம்மறிகள் இருந்தன. இன்று சுமார் 50 லட்சம். இந்தச் சரிவைக் கயோட்டி தலையில் மட்டும் கட்ட முடியாது. செயற்கை இழை வந்தது, ஆட்டுக்கறி சாப்பிடுவது குறைந்தது, மேய்ப்பர் கிடைப்பது அரிதானது. ஆனால் கம்பளி விலையை ஆட்டுக்காரரால் சுட முடியாது, கயோட்டியைச் சுட முடியும். ஒரே ராத்திரியில் பத்துக் குட்டியை இழந்தவரிடம் போய் தேசியப் புள்ளிவிவரம் பேசுவதும் நியாயமில்லை. அவருடைய நஷ்டம் நிஜம். அவருக்குக் கொடுக்கப்பட்ட மருந்துதான் நூறு வருடமாக வேறு நோய்க்கானதாக இருந்தது.

1970-களிலிருந்து பலர் பட்டியில் கிரேட் பிரனீஸ் போன்ற காவல் நாய்களை விடுகிறார்கள். ஐரோப்பிய மேய்ப்பர்களின் பழைய வழக்கம் அது. அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.