உலக வெப்பமும் காவிரிக் கடைமடையும்

வரலாறு என்றதும் மன்னர்களின் பெயர்களும் போர்கள் நடந்த ஆண்டுகளுமே மாணவர்களின் நினைவுக்கு வருகின்றன. ஆனால், காற்றுக்கும் ஒரு வரலாறு உண்டு, கடலுக்கும் உண்டு. ஏறத்தாழ 250 ஆண்டுகளாக மனிதன் காற்றிலே எதைக் கலந்தான், அதனால் உலகம் எவ்வாறு வெப்பமடைந்தது, அவ்வெப்பம் நம் காரைக்கால் பகுதியிலுள்ள சிற்றூர்களை எவ்வாறு தொடுகின்றது என்பவற்றை இன்று முறையாகக் காண்போம்.

எடுத்துக்காட்டாக வரிச்சிக்குடியையே எண்ணிப் பாருங்கள். கோட்டுச்சேரியைச் சார்ந்த அவ்வூரின் வாழ்வு நெல்லை நம்பியது. குடகு மலையிலே பிறக்கும் காவிரி, நெடுந்தொலைவு நடந்து, பல கிளைகளாகப் பிரிந்து, அரசலாறு, நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறு என்னும் பெயர்களோடு காரைக்கால் பகுதிக்கு வந்து சேர்கின்றது. அதற்கப்பால் வங்கக் கடல். ஆற்று நீர் கடைசியாக வந்து சேரும் இத்தகைய நிலத்தைக் கடைமடை என்பது நம் உழவர் வழக்கு. 2007-ஆம் ஆண்டில் காவிரி நடுவர் மன்றம் காரைக்காலுக்காகப் புதுச்சேரிக்கு ஒதுக்கிய பங்கு ஆண்டொன்றுக்கு 7 டி.எம்.சி. நீர். 2018-இல் உச்ச நீதிமன்றமும் அப்பங்கை மாற்றவில்லை. மேற்கே ஆற்றில் நீர் குறைந்தாலும், கிழக்கே கடல் உயர்ந்தாலும் அதனை முதலில் உணர்வது கடைமடையே. ஆகவேதான் உலக வெப்பத்தைப் பற்றிய பேச்சு நமக்கு அயல்நாட்டுச் செய்தி ஆகாது.

முதலில் இக்கருத்து எங்கே தோன்றியது என்று பார்ப்போம். 1739-ஆம் ஆண்டில் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று. இடையிலே ஆங்கிலேயர் கைப்பற்றியதும் உண்டு. 1817-இல் அது மீண்டும் பிரெஞ்சுக்காரரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஏழு ஆண்டுகள் கழித்து, 1824-இல், பாரிஸ் நகரில் ஜோசப் ஃபூரியே என்னும் கணித அறிஞர் ஒரு கேள்வியை ஆராய்ந்தார். கதிரவனிடமிருந்து வெப்பத்தைப் பெறும் பூமி, அதனை விண்வெளிக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருக்கின்றது. அவ்வாறாயின் பூமி ஏன் உறைந்துபோகவில்லை? பூமியைச் சூழ்ந்த காற்று, உள்ளே வரும் ஒளிக்கு எளிதாக வழிவிட்டு, வெளியேறும் வெப்பத்தைத் தடுத்து நிறுத்துகின்றது என்பது அவர் கண்ட விடை.

இது நாம் அனுபவத்தில் அறிந்த செய்தியே. மார்கழி மாதத்தில் வானம் தெளிந்திருக்கும் இரவில் குளிர் மிகுகின்றது. மேகம் மூடிய இரவிலோ அவ்வளவு குளிர் இருப்பதில்லை. மேகம் ஒரு போர்வையைப்போல் நிலத்தின் வெப்பத்தைக் காக்கின்றது. காற்றிலுள்ள நீராவியும் கரியமில வாயுவும் இத்தகைய போர்வையே. இப்போர்வை அடியோடு இல்லையென்றால், ஏறத்தாழ 15 டிகிரியாக இருக்கும் பூமியின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 18 டிகிரிக்கு இறங்கிவிடும். எனவே போர்வை வேண்டியதே. அது நாளுக்கு நாள் தடித்து வருவதுதான் இடர்.

எந்த வாயு வெப்பத்தைப் பிடித்து வைக்கின்றது என்பதை 1856-இல் பரிசோதனையால் காட்டியவர் யூனிஸ் ஃபூட் என்னும் அமெரிக்கப் பெண்மணி. கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து அவர் வெயிலில் வைத்தார். கரியமில வாயு இருந்த குழாயே மிகுதியாகச் சூடேறியது. 1859-இல் ஜான் டிண்டால் லண்டனில் நுட்பமான கருவிகளைக்கொண்டு, கண்ணுக்குப் புலப்படாத வெப்பக் கதிர்களை இவ்வாயுக்கள் உறிஞ்சுவதை அளந்து காட்டினார். 1896-இல் சுவீடன் நாட்டு அறிஞர் அர்ரீனியஸ், காற்றிலுள்ள கரியமில வாயு இருமடங்கானால் உலக வெப்பம் ஐந்தாறு டிகிரி உயரும் என்று கையாலேயே கணக்கிட்டார். குளிர் நாட்டவராதலால் அவ்வுயர்வை அவர் நன்மையாகவே கருதினார். வெயிலில் வாடும் நாட்டில் பிறந்திருந்தால் அவர் வேறு விதமாக எண்ணியிருக்கக்கூடும் அல்லவா?

அறிஞர்கள் இவ்வாறு கணக்கிட்டுக்கொண்டிருந்தபோதே உலகம் கரியை எரித்துக்கொண்டிருந்தது. ஜேம்ஸ் வாட் தம் நீராவி எந்திரத்துக்கு 1769-இல் காப்புரிமை பெற்றார். ஆலைகளும் கப்பல்களும் புகைவண்டிகளும் பெருகின. 1853-இல் பம்பாய்க்கும் தாணாவுக்கும் இடையே இந்தியாவின் முதல் பயணிகள் புகைவண்டி ஓடியது. 1898-இல், அதாவது அர்ரீனியஸின் கட்டுரை வெளிவந்த இரண்டாம் ஆண்டில், பேரளத்திலிருந்து காரைக்காலுக்கும் இருப்புப் பாதை வந்தது. பல கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் புதைந்து கிடந்த கரி சில தலைமுறைகளுக்குள் புகையாகிக் காற்றில் கலந்தது.

1938-இல் கேலண்டர் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர், உலகெங்கும் 147 நிலையங்களில் பதிவான வெப்ப அளவுகளைத் தொகுத்து, உலகம் சூடேறி வருகின்றது என்று எடுத்துரைத்தார். அக்காலத்தில் அதனைப் பலர் பொருட்படுத்தவில்லை. 1958-இல் சார்ல்ஸ் கீலிங் என்னும் அமெரிக்கர், ஹவாய்த் தீவிலுள்ள மௌனா லோவா மலைமீது கரியமில வாயுவை இடைவிடாது அளக்கத் தொடங்கினார். ஆலைகள் பெருகுவதற்குமுன் காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த அவ்வாயு, அவர் அளக்கத் தொடங்கியபோது 315 பங்காகியிருந்தது. இன்றோ 420 பங்கைத் தாண்டிவிட்டது.

இவ்வளவும் மனிதன் எரித்ததால் வந்தது என்று எவ்வாறு சொல்ல முடியும் என்று நீங்கள் கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்வியே அது. உயிருள்ள மரத்தில் கரி-14 என்னும் ஒரு வகை அணு சிறிதளவு இருக்கும். பல கோடி ஆண்டுகள் புதைந்த நிலக்கரியில் அது முற்றும் அழிந்திருக்கும். நிலக்கரியின் புகை கலந்தமையால் காற்றிலே கரி-14-இன் விகிதம் குறைந்து வந்ததை ஹான்ஸ் சூஸ் என்பவர் 1955-இல் கண்டறிந்தார். கதிரவனே சூடேறியிருக்கலாகாதா என்பது மற்றொரு ஐயம். ஏறத்தாழ 1978 முதல் செயற்கைக் கோள்கள் அளந்து வரும் கதிரவனின் ஆற்றலில் அத்தகைய உயர்வு இல்லை. மேலும், கதிரவன் காரணமாயின் காற்று மண்டலத்தின் மேலடுக்கும் சூடேறவேண்டும். உண்மையிலோ கீழடுக்கு சூடேற, மேலடுக்கு குளிர்ந்து வருகின்றது. வெப்பம் கீழேயே தடுத்து நிறுத்தப்படுகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கரியமில வாயு ஒன்றே காரணம் என்று எண்ணிவிடாதீர்கள். காடுகளை அழிப்பதாலும் வெப்பம் மிகுகின்றது. தழைச்சத்து உரத்திலிருந்து நைட்ரஸ் ஆக்ஸைடும், கால்நடைகளிடமிருந்தும் நீர் தேங்கிய நெல் வயல்களிலிருந்தும் மீதேன் வாயுவும் வெளிவருகின்றன. வயிற்றுப் பசிக்காக உழுபவனையும் ஆடம்பரத்துக்காக எரிப்பவனையும் ஒரே தட்டில் நிறுத்தல் நீதியாகாது. ஆயினும், வயலில் எப்போதும் நீரைத் தேக்காமல் இடையிடையே காயவிட்டுப் பாய்ச்சும் முறையால் மீதேன் குறையும், நீரும் மிச்சமாகும். கடைமடை உழவனுக்கு இது இரட்டை ஊதியம்.

நம் பகுதியும் இவ்வரலாற்றுக்கு வெளியே இல்லை. திருமலைராயன்பட்டினத்தில் இயற்கை வாயுவைக்கொண்டு மின்சாரம் ஆக்கும் 32.5 மெகாவாட் நிலையம் 2000-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. வாஞ்சூரை அடுத்து 2009-இல் திறக்கப்பட்ட காரைக்கால் துறைமுகத்தில் நிலக்கரி முதன்மையான சரக்காக இறங்குகின்றது. நம் வீட்டு விளக்குக்கும் மின்விசிறிக்கும் பின்னால் கரியும் வாயுவும் எரிகின்றன என்பதை நாம் மறத்தலாகாது.

இனி விளைவுகளைக் காண்போம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியோடு ஒப்பிட, 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டுகளில் உலகம் 1.1 டிகிரி மிகுதியாகச் சூடேறியிருந்தது. 2024-ஆம் ஆண்டில் அவ்வுயர்வு ஏறத்தாழ ஒன்றரை டிகிரியைத் தொட்டது. ஒரு டிகிரி என்பது சிறிதுதானே என்று எண்ணலாம். ஆனால், இவ்வாறு மிகும் வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்குமேல் கடலுக்குள் செல்கின்றது. சூடேறிய நீர் விரிகின்றது. நிலத்தின்மேல் உள்ள பனிப்பாறைகளும் உருகிக் கடலில் சேர்கின்றன. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. 1993 முதல் 2017 வரை வட இந்தியப் பெருங்கடல் ஆண்டுக்கு 3.3 மில்லிமீட்டர் வீதம் உயர்ந்து வந்தது. மேட்டு நிலத்துக்கு இது பெரிதன்று. கடலோடு ஏறக்குறைய ஒரே மட்டத்தில் கிடக்கும் சமவெளிக்கோ ஒவ்வொரு சாணும் பெரிது. முகத்துவாரங்களின் வழியே உப்புநீர் உள்ளே ஏறும், கிணறுகள் உவர்க்கும், மழைவெள்ளம் வடிய இடமின்றி வயலிலேயே நிற்கும்.

புயலைப் பற்றியும் ஒரு சொல். 2008 நவம்பரில் நிஷா புயல் காரைக்காலுக்கு அருகே கரையைக் கடந்தது. 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரையேறியது. புயல்கள் பண்டைக் காலத்திலும் வீசின. ஆகவே ஒரு தனிப் புயலைச் சுட்டி, இது வெப்பத்தால் பிறந்தது என்று கூறுதல் பொருந்தாது. ஆனால், வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால் காற்று ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு நீராவியைக் கூடுதலாகத் தாங்கும். அந்நீராவியே பெருமழையாகப் பொழியும். உயர்ந்துவிட்ட கடலின்மேல் புயலலை எழும்போது அது முன்னைவிட உள்ளே வரும்.

நெற்பயிரும் தப்புவதில்லை. பூக்கும் வேளையில் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் மணி பிடிக்காமல் பதராகும். பிலிப்பைன்ஸ் நாட்டில் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தார் தம் வயல்களில் கண்ட முடிவு 2004-இல் வெளிவந்தது. பயிர்க்காலத்தின் இரவு வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தபோது அங்கே நூற்றுக்குப் பத்து பங்கு விளைச்சல் குறைந்தது. பகல் வெயிலை நாம் காண்கின்றோம். இரவு வெப்பம் ஓசையின்றிக் களஞ்சியத்தைக் குறைக்கின்றது.

இங்கே ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். நேர்ந்த தீமை அனைத்தையும் ஒரே காரணத்தின்மேல் ஏற்றுதல் வரலாற்று மாணவனுக்கு அழகன்று. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்ட செய்தியை மணிமேகலை கூறுகின்றது. தரங்கம்பாடியில் பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியை அலைகள் அரித்தன. 2004 டிசம்பர் 26-இல் நம் கரையைத் தாக்கிய சுனாமியோ சுமத்திரா அருகே கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தால் எழுந்தது. கடல்கோளும் அலை அரிப்பும் நிலநடுக்கமும் ஆலைகள் தோன்றுவதற்கு முன்பே இருந்தவை. இக்காலத்திலும் நாமே செய்துகொள்ளும் தீங்குகள் வேறு உள்ளன. டெல்டா என்பது வண்டலால் ஆன நிலம். 1934-இல் மேட்டூர் அணை எழுந்தபின் வண்டலில் ஒரு பகுதி அங்கேயே தங்கிவிடுகின்றது. ஆற்று மணல் அள்ளப்படுகின்றது. நிலத்தடி நீரை அளவின்றி இறைக்க, உப்பு நீர் அவ்விடத்தை நிரப்புகின்றது. நிலம் ஒருபுறம் தளர, கடல் மறுபுறம் உயர்கின்றது. இவ்விரண்டையும் பிரித்தறிந்தால்தான் எதற்கு எங்கே மருந்து தேடுவது என்பது புலப்படும். கிணறு உவர்த்ததற்கு உலக நாடுகளை மட்டும் பழித்துவிட்டு, ஆழ்துளைக் கிணறுகளைப் பெருக்கிக்கொண்டே போனால் நோய் தீருமா?

உலக நாடுகள் செய்ததென்ன? 1988-இல் இதனை ஆராயும் பன்னாட்டு அறிஞர் குழு அமைந்தது. 1992-இல் ரியோ நகரிலும், 1997-இல் கியோட்டோவிலும் உடன்பாடுகள் கண்டனர். 2015 டிசம்பர் 12-இல், ஃபூரியே ஆராய்ந்த அதே பாரிஸ் நகரில், வெப்ப உயர்வை 2 டிகிரிக்கு நன்கு கீழே நிறுத்தவும், ஒன்றரை டிகிரிக்குள் அடக்க முயலவும் நாடுகள் இசைந்தன. கேள்வி எழுந்து 191 ஆண்டுகள் கழித்தே இவ்வுறுதி பிறந்தது. இதுவரை காற்றில் சேர்ந்த கரியமில வாயுவில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அமெரிக்க ஐக்கிய நாட்டினுடையது. இந்தியாவில் ஒருவர் பேரில் கணக்கிட்டால் உலக சராசரியில் பாதிக்கும் குறைவு. எனினும் மொத்தத்தில் இந்தியா இன்று உலகில் மூன்றாம் இடத்தில் நிற்கின்றது. 2070-க்குள் நிகர வெளியீட்டைச் சுழியமாக்குவதாக 2021-இல் நம் நாடு உறுதி கூறியது. மிகுதியாக எரித்தவர் மிகுதியாகப் பொறுப்பேற்கவேண்டும் என்று நாம் கேட்பது நியாயம். அந்நியாயத்தைக் கேட்கும் நாம், நம் கடமையைச் செய்தலும் நியாயம்.

மாணவர்களே! கேலண்டரும் கீலிங்கும் பெரும்படை கொண்டவர்கள் அல்லர். ஒருவர் பிறர் குறித்துவைத்த அளவுகளைப் பொறுமையாகத் தொகுத்தார். மற்றவர் தவறாமல் அளந்தார். அவர்கள் செய்ததை ஒரு பள்ளியிலும் செய்யலாம். மழை பெய்த நாளும் அளவும், ஊர்க்கிணற்றின் நீர்மட்டமும் உவர்ப்பும், குறுவையும் சம்பாவும் நட்ட நாளும் அறுத்த நாளும் ஆகிய இவற்றை ஒரு குறிப்பேட்டில் ஆண்டுதோறும் எழுதி வையுங்கள். ஒரு வகுப்பு முடித்ததும் அடுத்த வகுப்பினர் அதனைத் தொடரட்டும். முப்பது ஆண்டுகள் எழுதப்பட்டால் அதுவே உங்கள் ஊரின் வரலாறு. அணையில் நீர் கேட்கவும், கரையைக் காக்கவும், வடிகாலைத் தூர்வாரவும் ஊரார் முறையிடும்போது அக்குறிப்பேடு சான்றாக நிற்கும். சான்று உள்ள கடைமடையின் குரலைத் தலைமடையும் கேட்டே ஆகவேண்டும்.