ஜக்கூரும் எலகங்காவும்

ஓசூரிலிருந்து கிளம்பி, பெங்களூரு நெரிசலைத் தாண்டி, பல்லாரி சாலையில் வடக்கே போனால் ஜக்கூர் வரும். இன்னும் சில கிலோமீட்டரில் எலகங்கா. ஜக்கூரில் கர்நாடக அரசின் விமானப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. எலகங்காவில் இருப்பது இந்திய விமானப்படைத் தளம். படையின் போக்குவரத்து விமானங்களை ஓட்டப்போகிறவர்கள் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். முதல் இடத்தில் பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் பெற்றோர் பணம் கட்டுகிறார்கள். இரண்டாவது இடத்தில் கற்கிற பிள்ளைக்கு அரசு பணம் கொடுக்கிறது.

நம் பக்கத்தில் விமானம் ஒன்றும் புதிதல்ல. பேளகொண்டப்பள்ளியில் தனேஜா நிறுவனத்தின் ஓடுபாதை இருக்கிறது. பறக்கக் கற்பவர்களுக்கென்றே வடிவமைத்த இரண்டு இருக்கை ஹன்சா விமானங்களை அங்கே கட்டியிருக்கிறார்கள். ஓசூரில் 2,000 ஏக்கரில் பன்னாட்டு விமான நிலையம் அமையும் என்று 2024 ஜூனில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அதன் பிறகு சிப்காட் குடியிருப்புகளில் "பைலட் ஆகணும்" என்கிற பிள்ளைகளின் ஆசைக்குப் புது உரம் கிடைத்திருக்கிறது. ஷிஃப்டு முடிந்து வரும் அப்பாக்களின் கேள்வி ஒன்றுதான்: குறைந்த செலவில் முடியுமா?

முதலில் ஜக்கூர் வழி. வணிக விமானி உரிமம், அதாவது சிபிஎல் வாங்கக் குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்தின் பொறுப்பைத் தானே ஏற்று ஓட்டியிருக்க வேண்டும். இரவுப் பறத்தலும் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதும் அந்த 200-க்குள் அடக்கம். விமான வழிகாட்டல், வானிலை, விதிமுறை, தொழில்நுட்பம் என, சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ நடத்தும் தாள்களில் நூற்றுக்கு 70 எடுக்க வேண்டும். எல்லாம் சேர்த்து இந்தியாவில் இன்று சுமார் 40 முதல் 60 லட்சம் ரூபாய் ஆகிறது. விமான நிறுவனங்களே நடத்தும் கேடட் திட்டங்கள் ஒரு கோடியைத் தொடும். அரசுப் பள்ளி என்றால் இலவசம் என்று நம் பக்கத்தில் பலரும் நினைக்கிறார்கள். மத்திய அரசின் கீழ் உத்தரப் பிரதேசத்தின் ஃபர்சத்கஞ்சில் இயங்கும் இந்திரா காந்தி ராஷ்டிரிய உரான் அகாடமியில்கூடக் கட்டணம் பல லட்சங்கள்தான். கிருஷ்ணகிரிக்காரர்களுக்குத் தெற்கே சேலம் இருக்கிறது. காமலாபுரம் விமான நிலையத்தில் பயிற்சிப் பள்ளிக்கு 2022-இல் இந்திய விமான நிலைய ஆணையம் இடம் கொடுத்தது. பள்ளி பக்கத்தில் வந்தால் விடுதிச் செலவு மிச்சமாகும். ஆனால் மணிக்கட்டணத்தை எரிபொருளும் வெளிநாட்டு உதிரிபாகமும்தான் முடிவு செய்கின்றன. தூரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கல்விக் கடன் உண்டு. வங்கிகளின் மாதிரித் திட்டத்தில் விமானிப் பயிற்சிக்கும் இடமிருக்கிறது. ஆனால் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் சொத்து ஈடு கேட்பார்கள். நம் பகுதியில் அது கெலமங்கலம் பக்கம் மிஞ்சியிருக்கும் பூர்வீக நிலமாகவோ, ஓவர்டைம் பார்த்து வாங்கிய ஒன்றரை சென்ட் மனையாகவோ இருக்கும். எனக்குக் கவலை தருவது இந்த இடம்தான். மேகம் மூடினால் பறக்க முடியாது. விமானம் பழுதானால் உதிரிபாகம் வரும்வரை காத்திருக்க வேண்டும். பயிற்றுநர் விலகினாலும் அப்படியே. பயிற்சி நீள நீள வட்டி ஓடுகிறது. உரிமம் கைக்கு வந்த பிறகும் ஏர்பஸ், போயிங் போன்ற குறிப்பிட்ட ரக விமானத்துக்கான டைப் ரேட்டிங்குக்கு மேலும் பத்துப் பதினைந்து லட்சம் வேண்டும். வேலைக்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை. பாதியில் நின்றால் நஷ்டம் முழுவதும் வீட்டுக்கு.

எலகங்கா வழியில் அந்த நஷ்டத்தை அரசு தாங்குகிறது. தேசியப் பாதுகாப்பு அகாடமியில் சேர யுபிஎஸ்சி ஆண்டுக்கு இரண்டு முறை நடத்தும் என்டிஏ தேர்வுக்குக் கட்டணம் 100 ரூபாய். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் அதுவும் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போதே எழுதலாம். தேறினால் புனே அருகே கடக்வாஸ்லாவில் மூன்று ஆண்டு, பிறகு ஹைதராபாத் அருகே துண்டிகல்லில் பறத்தல். சேரும்போது உடை, கைச்செலவுக்கென்று ஒரு சிறு தொகை கட்டுவதோடு சரி. துண்டிகல் பயிற்சியின்போது மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை. பட்டம் முடித்தவர்களுக்கு விமானப்படை நடத்தும் ஆஃப்கேட் தேர்வு இருக்கிறது. என்சிசி விமானப் பிரிவில் 'சி' சான்றிதழ் பெற்றவர்களுக்குத் தனி நுழைவும் உண்டு.

அங்கே விலை வேறு விதமாகக் கேட்கப்படுகிறது. அண்மை ஆண்டுகளின் என்டிஏ அறிவிப்புகளில் விமானப்படையின் பறத்தல் பிரிவுக்கு ஒரு தேர்வுக்கு 92 இடங்கள்தான். அதில் பெண்களுக்கு இரண்டு. போட்டி போடுவது நாடு முழுவதும் உள்ள பிள்ளைகளோடு. எழுத்துத் தேர்வுக்குப் பின் ஐந்து நாள் நேர்காணல். அதை நடத்தும் தேர்வு வாரியங்களில் நமக்குப் பக்கத்தில் இருப்பது மைசூருவில். விமானி ஆகும் திறனைச் சோதிக்கும் கணினித் தேர்வை வாழ்நாளில் ஒரு முறைதான் எழுத முடியும். உயரம் 162.5 செ.மீ. இருக்க வேண்டும், கால் நீளத்தைக்கூட அளப்பார்கள். கிட்டப்பார்வை பெரிய தடை. சிவில் விமானி கண்ணாடி போட்டுக்கொண்டே பறக்கலாம். ஆஃப்கேட் வழியாகக் குறுகிய காலப் பணிக்குப் போனாலும் 14 ஆண்டு சேவை. அது போர் நடந்தால் போக வேண்டிய வேலை என்பதை வீட்டில் உட்கார்ந்து வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். இலவசம் என்பதற்காக மட்டும் பிள்ளையைச் சீருடைக்குத் தள்ளுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்க வேண்டும் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது எது முதலில் என்பது. என்டிஏ கதவு பத்தொன்பதரை வயதில் மூடிவிடும். சிபிஎல் 18 வயதில் திறக்கிறது. உடல் தகுதி இருக்கும்வரை மூடுவதில்லை. ஆகவே படையில் சேர மனமிருக்கும் பிள்ளை முதலில் 100 ரூபாய்த் தேர்வுகளை எழுதட்டும். கிடைக்காவிட்டால் சிபிஎல். அதிலும் பள்ளியில் பணம் கட்டுவதற்கு முன் முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ். சில ஆயிரம் ரூபாயில் முடிகிற சோதனை அது. அடுத்து வீட்டிலிருந்து படித்தே டிஜிசிஏ தாள்களை எழுதித் தேறுவது. பறப்பது மூன்றாவதாக வரட்டும். கட்டணத்தைப் பறந்த மணிக்குத் தக்கபடி தவணையாகக் கட்டுங்கள். மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்று எந்தப் பள்ளி சொன்னாலும் வேண்டாம்.

இரு வழிக்கும் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணக்கும் வேண்டும். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரம், கணக்கு இல்லாத குரூப்பை எழுதிக் கொடுப்பதற்கு முன், ஒரு கண் டாக்டரிடம் பிள்ளைக்கு நிறக்குருடு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.