உலக்கை நின்றது!

2019 டிசம்பர் 26. கரிசல் நிலத்துக்கு மேலே ஞாயிறு தேய்ந்து பிறைபோல் நின்ற காலை. கல்லூரி விடுமுறைக்கு எப்போதும்வென்றானுக்கு வந்திருந்தோம். தெருவில் கூட்டம். பித்தளைத் தாம்பாளம், தாம்பாளத்தில் நீர், நீர் நடுவே உலக்கை! பிடிப்பார் எவருமின்றி அது நின்றது. "கிரகணம் பிடித்து நிறுத்துகிறது, விட்டதும் விழும்" என்றனர் முதியோர். கைகூப்பினர் சிலர், கைப்பேசியில் படம் பிடித்தனர் பலர். படம் பிடித்தோர் யார்? இயற்பியலில் நிறைய மதிப்பெண் பெற்ற இளைஞர்கள்! நாமும் அங்கேதான் நின்றோம், தோழர்களே. நாணத்தோடு அதை ஒப்புக்கொள்கிறோம்.

விஞ்ஞானம் படித்தவன் விஞ்ஞானத்தை என்னவென்று கருதுகிறான்? நார்வே நாட்டு ஆஸ்லோ பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஸ்வைன் ஷோபர்க், கமில்லா ஷ்ரைனர் என்னும் இருவர், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில், ஏறத்தாழ 40 நாடுகளில் 15 வயது மாணவர்களிடம் இது குறித்துக் கேட்டனர். விஞ்ஞானம் சமுதாயத்துக்குத் தேவை என்று எங்கும் பெரும்பாலோர் ஒப்பினர். "நீ விஞ்ஞானி ஆக விரும்புகிறாயா?" என்றபோதுதான் உலகம் இரண்டாகப் பிரிந்தது. வளம் குறைந்த உகாண்டாவின் பிள்ளைகள் ஆர்வத்தோடு ஆம் என்றனர். வளம் மிக்க நார்வே, ஜப்பான் பிள்ளைகளோ வேண்டாம் என்றனர். நாடு செழிக்கச் செழிக்க விருப்பம் குறைந்தது. பெண் பிள்ளைகளிடம் மேலும் குறைந்தது.

வியப்பில்லை. குழாயைத் திருப்பினால் நீர் வரும் வீட்டில் கிணறு தோண்டியவனை எவர் நினைப்பார்? இங்கோ விஞ்ஞானம் ஏணி. ஒரு தலைமுறைக்கு முன்வரை, பள்ளி செல்லவேண்டிய கோவில்பட்டி வட்டாரப் பிள்ளைகளின் விரல்கள் தீக்குச்சி அடுக்கின. அவ்வீட்டுப் பேரப்பிள்ளை இன்று பொறியியல் படிக்க விரும்பினால் அது பேராசை அன்று, உரிமை! கயத்தாற்றுப் பக்கம் சுழலும் காற்றாலைகளைக் காட்டி, "அதில் வேலை கிடைக்குமா?" என்று கேட்கும் மாணவனை நாம் குறைகூற மாட்டோம். எனினும் ஏணியில் ஏறத் துடிப்பது வேறு, ஏன் என்று கேட்கத் துணிவது வேறு. நமது வரலாறே இதற்குச் சான்று பகரும்.

1769இல் வெள்ளி ஞாயிற்றைக் கடக்கும் காட்சியைக் காணப் புதுச்சேரியில் காத்திருந்தார் லெ ஜென்டில் என்ற பிரெஞ்சு வானியலார். முகில் மறைத்தது, பாவம், அவர் கண்டது ஒன்றுமில்லை. ஆயினும் அங்கே தமிழர் கணிக்கும் முறையைக் கற்றார். 1765 ஆகஸ்டு 30ஆம் நாள் திங்கள் கிரகணம் நீடித்த நேரத்தைத் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைத்துக் கூறியது; அந்நாளில் ஐரோப்பா போற்றிய மேயரின் அட்டவணையோ 68 விநாடி கூட்டிக் கூறியது. பெருமைதான், மறுக்கவில்லை! ஆனால் பழம்பெருமை பேசுவோர் அடுத்த செய்தியைச் சொல்வதில்லை. வாரன் என்ற அதிகாரி, 1825ஆம் ஆண்டுக் கிரகணத்தைப் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைக் கொண்டு கணிக்கச் செய்தார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாய் வைத்திருந்த எண்களைக் கூட்டியும் கழித்தும் விடை சொன்னார். தொடங்கும் நேரத்தில் 4 நிமிடமே பிழை! ஆனால் அந்த எண்கள் எங்கிருந்து வந்தன, ஏன் அப்படிக் கூட்டவேண்டும் என்பதை அவர் அறியார் என்று வாரன் எழுதிவைத்தார். விடை உண்டு, விளக்கம் இல்லை. தேர்வுக்கு முதல் நாள் சூத்திரங்களை உருப்போடும் நம் மாணவன் யாருடைய வாரிசு என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

கடல் கடந்து யாழ்ப்பாணம் செல்வோம். அமெரிக்க மிஷன் 1823இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியில் டேனியல் பூவர் வானநூல் கற்பித்தார். விசுவநாத சாஸ்திரியார் கணித்த 1829ஆம் ஆண்டுப் பஞ்சாங்கம், மார்ச்சு 20 அன்று திங்கள் கிரகணம் என்றது. தொடக்க நேரத்தில் 15 நிமிடப் பிழை உளது, நீடிக்கும் நேரத்திலும் மறையும் பரப்பிலும் பிழை உளது என்று முன்கூட்டியே அறிவித்தார் பூவர். பாதிரியா, சாஸ்திரியா? ஊர் காத்திருந்தது. இருவருக்கும் பொதுவான நடுவராக வானில் திங்கள் எழுந்தது. பூவரின் கணக்கே பொருந்தியது. வென்றது மதமன்று, கணக்கு!

மிஷனரிமார் இதை மதம் பரப்பும் வலையாகவே வீசினர். மாணவர்களோ வலைக்குள் இருந்ததைத் தமக்கு எடுத்துக்கொண்டனர். அங்கே பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை சைவத்துக்கே திரும்பினார். எனினும் கற்ற ஆய்வு முறையை விட்டாரில்லை. அவரும் கரோல் விசுவநாதபிள்ளையும் 1857இல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதல் பட்டதாரிகள் ஆயினர். பின்னாளில் சுவடிகளை ஒப்புநோக்கித் தொல்காப்பிய உரைகளைப் பதிப்பித்தவர் அவரே. செமினரி 1855இலேயே மூடப்பட்டது. மதமாற்றம் எதிர்பார்த்த அளவு நிகழவில்லை என்பதும் அதற்கொரு காரணம். கேட்கப் பழகிய மாணவன், பழக்கியவர்க்கே தொல்லை ஆகிறான்! மானிப்பாயில் மருத்துவர் கிறீன் 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். "தமிழில் விஞ்ஞானம் இயலுமா?" என்று இன்றும் ஐயுறுவோர்க்கு அந்த ஓராண்டுக் கணக்கே போதும்.

ஆசிரியப் பணி ஏற்றபின், கிரகணம் ஏதுமில்லாத ஒரு சாதாரணப் புதன்கிழமை வகுப்பறைக்குள் உலக்கை கொண்டுவரச் சொன்னோம். சில மாணவர்கள் தயங்கினர். மாணவியர் இருவர் முன்வந்து, அடிப்பூண் தட்டையாய் அமைந்த அந்த உலக்கையைத் தட்டில் மெல்ல நிறுத்தினர். இருமுறை சாய்ந்தது. மூன்றாம் முறை நின்றது! வகுப்பே ஆரவாரித்தது. நீரை ஊற்றிவிட்டு வெறுந்தட்டில் நிறுத்தினர், அப்போதும் நின்றது. பின்வரிசைச் சிறுவன் ஒருவன் எழுந்தான்.

"சார், அன்றைக்குக் கிரகணம் விட்ட பிறகு உலக்கை தானாக விழுந்ததா, யாராவது எடுத்தார்களா?"

நாம் பார்க்கவில்லை. படம் பிடித்ததும் வீட்டுக்குப் போய்விட்டோம். அதையே அவனிடம் சொன்னோம்.