அவுட்போர்டு மோட்டார்: உறைகுளிரில் இயக்கம்

சிறு படகின் பின்பலகையில் மாட்டி இயக்கும் எஞ்சின் அவுட்போர்டு மோட்டார் எனப்படும். பெரும்பாலான பெட்ரோல் வகைகளில் ரேடியேட்டர் கிடையாது. படகு மிதக்கும் நீரையே உறிஞ்சி எஞ்சினைக் குளிர்விக்கின்றன. நீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பருமன் கூடுவதால், உள்ளே தங்கும் சிறிதளவு நீரும் உலோக உறைகளைப் பிளந்துவிடும். எனவே உறைகுளிரில் இதை இயக்கத் தனிக் கவனம் தேவை.

வரலாறு

படகின் பின்புறம் மாட்டும் மின்மோட்டாரைப் பிரெஞ்சுப் பொறியாளர் குஸ்தாவ் த்ரூவே 1881இல் பாரிசின் சேன் ஆற்றில் ஓட்டிக் காட்டினார். 1896இல் நியூயார்க்கில் பெட்ரோல் வகை ஒன்று சிறு அளவில் தயாரானது. ஆயினும் இத்துறையின் முன்னோடி என்ற பெருமை அமெரிக்கரான கேமரன் வாட்டர்மனுக்கே உரியது. மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் படகுக்குப் பொருத்தும் எண்ணத்துடன் உழைத்த அவர், 1905ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் டெட்ராய்ட் ஆற்றில் அதைச் சோதித்தார். மிதந்து வந்த பனிக்கட்டிகள் புரொப்பல்லரைச் சுழற்றிய சங்கிலியில் மோதி அதைக் கழற்றிவிட்டன. சங்கிலியை நீக்கிவிட்டுத் தண்டும் பல்சக்கரமும் கொண்ட அமைப்புக்கு அவர் மாறினார். இன்றைய மோட்டார்களிலும் அந்த அமைப்பே உள்ளது. அவருக்கு 1907இல் காப்புரிமை கிடைத்தது.

நார்வேயில் பிறந்து மில்வாக்கியில் தொழில் நடத்திய ஓலே எவின்ரூட், 1909இல் ஒன்றரைக் குதிரைத்திறன் மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இக்கருவி பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது அவரால்தான். 1920களில் ஜான்சன் சகோதரர்கள் எடை குறைந்த மோட்டாரைத் தந்தனர்.

இயக்கமும் பாதுகாப்பும்

குளிரில் பெட்ரோல் எளிதில் ஆவியாகாது. எனவே கார்புரேட்டர் வகையில் சோக்கை இழுத்துக் கிளப்ப வேண்டும். எஞ்சின் ஆயில் தடித்துப்போவதாலும் பேட்டரியின் திறன் குறைவதாலும் செல்ஃப் ஸ்டார்ட்டர் திணறும். இழுகயிறு இருப்பது நல்லது. கீழ்ப்பகுதியில் நீரை உறிஞ்சி ஏற்றும் ரப்பர் இம்பெல்லர் பனிக்கட்டியில் சிக்கியிருக்கும்போது கயிற்றை இழுத்தால், அதன் இதழ்கள் முறியும். முதலில் மோட்டாரை நீரில் இறக்கிச் சற்று நேரம் விட்டால் பனி உருகும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பக்கவாட்டுத் துளையிலிருந்து மெல்லிய நீர்த்தாரை பீய்ச்ச வேண்டும். அது நின்றால் எஞ்சினை உடனே நிறுத்த வேண்டும். துளை அடைபட்டிருக்கலாம், அல்லது நீர் ஏறாமல் இருக்கலாம்.

இடைவேளைகளில் மோட்டாரைத் தூக்கி வைக்காமல் நீருக்குள்ளேயே விடுவது சரியான முறை. திரவ நிலையிலுள்ள நன்னீர் பெரும்பாலும் 0 டிகிரி செல்சியசுக்குக் கீழே போவதில்லை. கரையேற்றியதும் செங்குத்தாக நிறுத்தி நீரை முழுதும் வடியவிட வேண்டும். கியர் ஆயில் பால் நிறமாக இருந்தால் உள்ளே நீர் புகுந்துள்ளது எனப் பொருள். உறையும் முன் சீலைச் சரிசெய்து ஆயிலை மாற்றாவிட்டால் கியர் பெட்டி வெடிக்கக்கூடும். குளிர்நீரில் விழுபவர் சில நிமிடங்களிலேயே கைகால் வலுவை இழப்பதால், உயிர்காப்புச் சட்டையும் எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறும் கட்டாயம் தேவை.

இன்றைய நிலை

மின்னணு முறையில் எரிபொருள் செலுத்தும் நான்கு ஸ்ட்ரோக் வகைகளில் சோக் தேவைப்படுவதில்லை. எவின்ரூட் மோட்டார் தயாரிப்பு 2020இல் நிறுத்தப்பட்டது.