டயாட்டம் மண்: கேண்டில் வடிகட்டியிலிருந்து நீச்சல் குளம் வரை

டயாட்டம் என்பது நீரில் வாழும் ஒற்றைச் செல் பாசி. அதன் உடலைச் சுற்றி நுண்துளைகள் நிறைந்த சிலிக்கா ஓடு உண்டு. பாசி மடிந்த பின்னும் ஓடு சிதையாமல் அடியில் படியும். கடல்களிலும் ஏரிகளிலும் நெடுங்காலமாக இப்படிச் சேர்ந்த படிவே டயாட்டம் மண். இதன் கனஅளவில் பெரும்பகுதி வெற்றிடம் என்பதால் நீரை எளிதில் போகவிட்டு அழுக்கைப் பிடித்துக்கொள்ளும். சுட்ட கட்டியாக வடிகட்டிக்குள் நுழைந்த இம்மண், பின்னர் தூளாகவே நீச்சல் குளங்களை அடைந்த விதத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

சுட்ட கேண்டில்

வட ஜெர்மனியின் லூனபுர்க் பகுதியில் 1830களில் கிணறு தோண்டியபோது இம்மண் படிவு வெளிப்பட்டது. 1867இல் ஆல்ஃபிரட் நோபல் நைட்ரோகிளிசரினை இதில் ஊறவைத்து டைனமைட் செய்த பின் இதன் புகழ் பரவியது. 1891இல் வில்ஹெல்ம் பெர்க்கஃபெல்ட் இம்மண்ணை உள்ளீடற்ற உருளைகளாக வார்த்துச் சுட்டு வடிகட்டிக் கேண்டில்களை உருவாக்கினார். மறு ஆண்டு ஹாம்பர்க் நகரில் 8,000க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட காலராவின்போது இவை பயன்பட்டன. கேண்டிலின் துளைகள் அடைபட்டால் கழற்றித் தேய்த்துக் கழுவ வேண்டும். வீட்டுக்குப் போதுமான இந்த ஏற்பாடு, மணிக்குப் பல்லாயிரம் லிட்டர் தேவைப்படும் இடங்களுக்கு ஒத்துவரவில்லை.

போர்க்காலத் திருப்பம்

இரண்டாம் உலகப் போரில் பசிபிக் பகுதியிலிருந்த அமெரிக்கப் படையினரை அமீபா வயிற்றுக்கடுப்பு அச்சுறுத்தியது. நோயைப் பரப்பும் அமீபாவின் உறைக்கூடு வழக்கமான குளோரின் அளவைத் தாங்கிவிடும். இராணுவத்தின் சிறிய மணல் வடிகட்டிகளாலும் அதை முழுமையாகத் தடுக்க முடியவில்லை. சர்க்கரைப் பாகைத் தெளியவைக்க ஆலைகளில் ஏற்கெனவே வழங்கிய தூள் முறையை இராணுவப் பொறியாளர்கள் குடிநீருக்குத் தகவமைத்தனர். தூளை நீரில் கரைத்துச் செலுத்தினால் அது உலோக வலைமீது மெல்லிய படலமாகப் படியும். படலம் அழுக்கானதும் கழுவி எறிந்துவிட்டுப் புதிய தூளைப் படியவைக்கலாம். அடைபட்ட துளையைச் சுத்தம் செய்யும் வேலையே இதனால் இல்லாமற்போனது.

குளத்தில் தூள்

போருக்குப் பின் அமெரிக்க வீடுகளில் நீச்சல் குளங்கள் பெருகின. கலிஃபோர்னியாவின் லோம்போக்கில் பெரும் படிவு இருந்ததால் தூளுக்கும் பஞ்சமில்லை. வீட்டுக் குளத்தில் சதுர மீட்டர் வடிகட்டுத் துணிக்குச் சுமார் அரைக் கிலோ தூள் போதும். வாளியில் பால்போலக் கரைத்து, பம்பு ஓடும்போதே நீர் உறிஞ்சப்படும் வாயில் ஊற்றுவர். அது ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குத் துணியில் ஒட்டும். நீரின் அழுத்தமே அதைப் பிடித்து நிறுத்துகிறது. பம்பு நின்றால் படலம் உதிரக்கூடும். மானியில் அழுத்தம் 8 முதல் 10 பி.எஸ்.ஐ. வரை கூடினால், நீரை எதிர்த்திசையில் செலுத்திக் கழுவி, மீண்டும் தூள் இட வேண்டும்.

மணல் வடிகட்டி பொதுவாக 20 முதல் 40 மைக்ரான் வரையுள்ள துகள்களையும், டயாட்டம் தூள் 5 மைக்ரானுக்கும் குறைந்தவற்றையும் பிடிக்கும். கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணிகளைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு முக்கியமானது. 4 முதல் 6 மைக்ரான் அளவுள்ள அதன் உறைக்கூடு, குளங்களில் வழக்கமாக இடும் குளோரினில் பல நாள் உயிர்ப்புடன் இருக்கும். மணலில் நழுவும் அது தூள் படலத்தில் பெரும்பாலும் சிக்கிவிடுகிறது.

தூளின் விலை

தூளைத் தூளாகவே கையாள்வதால் சிக்கல்களும் வந்தன. வடிகட்டலுக்கான தூளைச் சோடா சாம்பலுடன் உயர்வெப்பத்தில் சுடும்போது, சிலிக்காவின் ஒரு பகுதி கிறிஸ்டோபலைட் என்னும் படிகமாகிறது. மூச்சோடு உட்செல்லும் படிகச் சிலிக்காவைப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களில் சேர்த்தது. நீரில் நனைந்த தூளால் குளிப்போருக்கு இந்த அபாயம் இல்லை. மூட்டையைப் பிரிப்பவர் முகக்கவசம் அணிய வேண்டும். கழுவிய கசடு சாக்கடையில் படிந்து அடைப்பதால், அமெரிக்காவில் பல ஊர்கள் அதை மழைநீர் வடிகாலில் விடத் தடை விதித்துள்ளன.

இதனால் எரிமலைக் கண்ணாடியிலிருந்து கிடைக்கும் பெர்லைட்டும் செல்லுலோஸ் இழையும் மாற்றாக வந்துள்ளன. பெரிய பொதுக் குளங்களில், படலத்தை உதறி அதே தூளைத் திரும்பத் திரும்பப் படியவைக்கும் வடிகட்டிகளும் இயங்குகின்றன. தூள் மாறினாலும், வலைமீது படலம் அமைத்து வடிகட்டும் போர்க்கால முறை இவற்றில் அப்படியே தொடர்கிறது.