போதகர் இல்லத்து மாடியில் பிறந்த ஃபிலிம்



ஃபிலிம் கேமரா மறுபடியும் வாலிபர் கைகளுக்கு வந்துவிட்டது. கைப்பேசியில் ஒரே நாளில் நூறு படம் எடுக்கிறவர்களே, "முதல்முதலாக ஒரு ஃபிலிம் எஸ்.எல்.ஆர். வாங்க வேண்டும். எந்த கேமரா? எந்த லென்ஸ்?" என்று கேட்கிறார்கள். இதற்குக் கடைக்காரர் சொல்லும் பதில் ஒன்று. வரலாறு சொல்லும் பதில் இன்னொன்று. நாம் இங்கே இரண்டாவதைப் பார்ப்போம். ஏனென்றால் அந்த வரலாற்றின் மூன்று முக்கியமான கட்டங்கள் நாம் தினமும் கார் ஓட்டிப் போகும் நியூ ஜெர்சியிலேயே நடந்தவை. அவற்றில் முதலாவது, ஒரு போதகரின் கதை.

ஞாயிறு பள்ளிக்காக ஒரு கண்டுபிடிப்பு

ஹானிபல் குட்வின் 1822இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். எபிஸ்கோப்பல் சபையின் போதகர். நம்மில் பலர் வளர்ந்த தென்னிந்தியத் திருச்சபையைப் போல அதுவும் ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் உள்ள சபைதான். 1867 முதல் 20 ஆண்டுகள் நெவார்க் நகரின் 'ஹவுஸ் ஆஃப் பிரேயர்' ஆலயத்தில் அவர் ஊழியம் செய்தார். பிராட் தெருவில் இருக்கும் 'ப்ளூம் ஹவுஸ்' என்ற 18ஆம் நூற்றாண்டு வீடுதான் போதகர் இல்லம்.

பிள்ளைகளுக்கு வேதாகமக் கதைகளைப் படங்களோடு சொல்ல வேண்டும் என்பது அவருடைய ஆசை. அந்தக் காலத்தில் படம் காட்ட விளக்கும் லென்ஸும் உள்ள ஒரு பெட்டி இருந்தது. அதில் செருகும் படங்கள் எல்லாம் கண்ணாடித் தகடுகள். கண்ணாடி கனமானது, கீழே விழுந்தால் உடையும். கண்ணாடியைப் போல ஒளியை விட வேண்டும், காகிதத்தைப் போல வளைய வேண்டும்; அப்படி ஒரு பொருள் இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தார். போதகர் இல்லத்தின் மாடியறையைச் சோதனைக்கூடமாக்கிக்கொண்டார். நைட்ரோசெல்லுலோஸ் என்ற பொருளைக் கரைத்து, மெல்லிய படலமாகப் பரப்பி, உலரவிட்டு, அதன்மேல் ஒளியுணரும் பூச்சைப் பூசும் முறையைக் கண்டார். 1887 மே 2ஆம் தேதி காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அப்போது அவருக்கு வயது 65.

காப்புரிமை அலுவலகம் விளக்கம் கேட்டது, திருத்தம் கேட்டது. ஆண்டுகள் ஓடின. இதற்கிடையே ராச்செஸ்டர் நகரில் ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888இல் கோடாக் கேமராவைக் கொண்டுவந்தார். முதலில் அதில் இருந்தது காகிதத்தின்மேல் பூசிய ஃபிலிம். அடுத்த ஆண்டே அவருடைய வேதியியலாளர் ஹென்றி ரைக்கன்பாக் நைட்ரோசெல்லுலோஸ் ஃபிலிமைத் தயாரித்தார். அவருக்குக் காப்புரிமை 1889 டிசம்பரிலேயே கிடைத்துவிட்டது. முன்னதாகவே விண்ணப்பித்திருந்த குட்வினுக்குக் கிடைத்தது 1898 செப்டம்பர் 13ஆம் தேதி. 11 ஆண்டுகளுக்கும் மேலான காத்திருப்பு, வயது 76.

அதன்பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. 1900இல் ஃபிலிம் தயாரிக்க ஒரு நிறுவனம் தொடங்கினார். தொழிற்சாலை ஓடத் தொடங்குமுன்பே ஒரு விபத்தில் காயமடைந்து, அந்த ஆண்டின் கடைசி நாளான டிசம்பர் 31 அன்று இறந்துபோனார். காப்புரிமையை வாங்கிய நிறுவனம் கோடாக்கின்மீது வழக்குத் தொடுத்தது. 1913இல் நீதிமன்றம் குட்வினின் காப்புரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்தது. 1914இல் மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்பு. கோடாக் 50 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

ஈஸ்ட்மனைப் பொல்லாதவராகக் காட்டினால் அது நியாயம் ஆகாது. சாதாரணக் குடும்பங்களின் கைக்கு கேமராவைக் கொண்டுவந்தவர் அவர். பல்கலைக்கழகத்துக்கும் மருத்துவக் கல்விக்கும் பெரும் செல்வத்தைக் கொடுத்தவர். ஆனால் ஃபிலிம் என்றால் எல்லாருக்கும் கோடாக் நினைவுக்கு வருகிறது; குட்வினின் பெயரை நெவார்க்கிலேயே பலருக்குத் தெரியாது. நாமாவது தெரிந்து வைத்திருப்போம்.

35 மில்லிமீட்டர் எங்கிருந்து வந்தது?

இரண்டாவது கட்டம் நெவார்க்கிலிருந்து சில மைல் தூரத்தில் உள்ள வெஸ்ட் ஆரஞ்சில் நடந்தது. தாமஸ் எடிசனின் ஆய்வுக்கூடம் அங்கேதான் இருந்தது. (நம் மக்கள் நிறைய வாழும் எடிசன் நகரம் அவருடைய பழைய மென்லோ பார்க் கூடம் இருந்த இடம்.) அவரிடம் வேலைசெய்த வில்லியம் டிக்ஸன், ஓடும் படம் எடுக்கும் கருவிக்காக, ஈஸ்ட்மன் விற்ற 70 மில்லிமீட்டர் ஃபிலிமை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, இரு ஓரங்களிலும் துளைகள் இட்டார். 1890களின் தொடக்கத்தில் அவர் முடிவுசெய்த அந்த 35 மில்லிமீட்டர் அகலம் இன்றுவரை மாறவில்லை.

அந்த சினிமா ஃபிலிமைப் புகைப்பட கேமராவுக்குள் கொண்டுவந்தவர் ஜெர்மனியின் ஆஸ்கர் பார்னாக். அவருக்கு ஆஸ்துமா. பெரிய கேமராவையும் கண்ணாடித் தகடுகளையும் தூக்கிக்கொண்டு மலையேற முடியவில்லை. ஃபிலிமைப் பக்கவாட்டில் ஓடவிட்டு, 24க்கு 36 மில்லிமீட்டர் அளவில் படம் எடுக்கும் சிறிய கேமராவைச் செய்தார். அதுவே 1925இல் விற்பனைக்கு வந்த லைக்கா. மூச்சுத்திணறும் ஒருவருடைய தேவையிலிருந்து பிறந்த கருவி இது என்பது எங்களைப் போன்ற செவிலியருக்குத் தனி மகிழ்ச்சி.

அதே செவிலியராக ஒரு துயரத்தையும் சொல்ல வேண்டும். நைட்ரோசெல்லுலோஸ் எளிதில் தீப்பிடிக்கும். 1929 மே 15 அன்று ஒஹாயோவின் கிளீவ்லண்ட் கிளினிக் மருத்துவமனையில் சேமித்து வைத்திருந்த எக்ஸ்ரே ஃபிலிம்கள் எரிந்து, அந்த நச்சுப்புகையில் 123 பேர் மாண்டார்கள். எளிதில் தீப்பற்றாத அசிடேட் ஃபிலிமுக்கு மருத்துவமனைகள் மாறியதில் இந்த விபத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இன்று நீங்கள் கடையில் வாங்கும் ஃபிலிம் அந்தப் பழைய ஆபத்து இல்லாதது.

தமிழ்நாட்டுக்கும் இந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு. 1960இல் இந்திய அரசு உதகமண்டலத்தில் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. 'இந்து' என்ற பெயரில் அது தயாரித்த கறுப்பு வெள்ளை ஃபிலிமில் நம் அப்பா அம்மாக்களின் ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் பதிவாகியிருக்கலாம். நம் ஊர் மருத்துவமனைகளுக்கு எக்ஸ்ரே ஃபிலிமும் அங்கிருந்து வந்தது. இப்போது அது மூடப்பட்டுவிட்டது.

கண்ணாடி வழியே பார்ப்பது

எஸ்.எல்.ஆர். என்றால் ஒரே லென்ஸ் வழியாகப் பார்க்கவும் படம் எடுக்கவும் முடிகிற கேமரா. லென்ஸுக்குப் பின்னால் 45 டிகிரி சாய்ந்த ஒரு கண்ணாடி இருக்கிறது. அது ஒளியை மேலே திருப்பி நம் கண்ணுக்குக் காட்டும். பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி விலகி, ஒளி ஃபிலிமில் விழும். நாம் பார்த்ததுதான் படத்திலும் வரும். அதனால்தான் இந்த வகையில் லென்ஸை மாற்றி மாற்றிப் பொருத்துவது எளிதானது.

1936இல் டிரெஸ்டன் நகரில் வந்த கீனே எக்ஸாக்டா, 35 மில்லிமீட்டர் எஸ்.எல்.ஆர்.களில் மிக முந்தையது. அதை மார்பளவில் பிடித்துக் குனிந்து பார்க்க வேண்டும். இடது வலதாகத் தெரியும். அதே நகரில் 1949இல் வந்த கான்டாக்ஸ் எஸ், ஐந்து பக்கப் பட்டகத்தால் அந்தக் குறையைத் தீர்த்தது. இருந்தாலும் ஒவ்வொரு படம் எடுத்ததும் கண் முன்னே இருட்டு. 1954இல் ஜப்பானின் அசாஹி நிறுவனம், கண்ணாடி உடனே பழைய இடத்துக்குத் திரும்பும்படி செய்தது. 1957இல் அசாஹி பென்டாக்ஸ், 1959இல் நிக்கான் எஃப், 1972இல் சிறிய ஒலிம்பஸ் ஓஎம்-1, 1976இல் கேனான் ஏஇ-1 என்று வரிசையாக வந்தன.

1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவிலிருந்து மருத்துவர்களும் செவிலியர்களும் பொறியாளர்களும் இந்த நாட்டுக்கு வரத் தொடங்கினார்கள். அவர்கள் வந்து காலூன்றிய ஆண்டுகளும் இந்த கேமராக்களின் பொற்காலமும் ஒன்றே.

மவுண்ட் என்னும் உடன்படிக்கை

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். லென்ஸ் கேமராவில் பூட்டும் வளையத்துக்கு மவுண்ட் என்று பெயர். பெரும்பாலும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒவ்வொரு மவுண்ட். ஒன்றின் லென்ஸ் இன்னொன்றில் பூட்டாது. ஆகவே ஒரு கேமராவை வாங்குகிறவர், தெரிந்தோ தெரியாமலோ, அந்த நிறுவனத்தோடு நீண்டகால உடன்படிக்கை செய்துகொள்கிறார்.

அந்த உடன்படிக்கையைச் சிலர் காத்தார்கள், சிலர் முறித்தார்கள். நிக்கான் 1959இல் கொண்டுவந்த எஃப் மவுண்டைத் தன் எஸ்.எல்.ஆர்.களில் கடைசிவரை வைத்திருந்தது. பென்டாக்ஸ் 1975இல் கே மவுண்டுக்கு மாறியது. அன்றைய கே மவுண்ட் லென்ஸ் பென்டாக்ஸின் டிஜிட்டல் எஸ்.எல்.ஆரிலும் பூட்டும். மினோல்ட்டா 1985இல் தானாகவே ஃபோகஸ் செய்யும் மேக்ஸம் 7000 கேமராவைக் கொண்டுவந்தபோது பழைய மவுண்டைக் கைவிட்டது. கேனான் 1987இல் இஓஎஸ் வரிசைக்காக எஃப்டி மவுண்டைக் கைவிட்டது. அதுவரை ஆசையோடு சேர்த்த லென்ஸ்கள் புதிய கேமராவில் பொருந்தாமல் போயின.

மூன்றாவது நியூ ஜெர்சிக் கட்டம் இங்கே வருகிறது. மேக்ஸம் கேமராவின் ஃபோகஸ் நுட்பம் தங்கள் காப்புரிமையை மீறுகிறது என்று ஹனிவெல் நிறுவனம் தொடுத்த வழக்கு, நெவார்க் ஃபெடரல் நீதிமன்றத்தில் நடந்தது. 1992இல் ஜூரி ஹனிவெல்லுக்கு 96 மில்லியன் டாலருக்கும் மேல் வழங்கச் சொன்னது. பின்னர் 127.5 மில்லியன் டாலருக்குச் சமரசம் ஆனது. குட்வினின் ஊரில், நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, மறுபடியும் ஒரு கேமராக் காப்புரிமைச் சண்டை!

அப்படியானால் எதை வாங்கலாம்?

முதலில் மவுண்டைத் தேர்ந்தெடுங்கள். கேமரா அதற்குப் பிறகு. பழைய கேமரா என்றாவது நின்றுபோகும். நல்ல லென்ஸ் இரண்டு தலைமுறைக்கு உழைக்கும்.

நிக்கான் எஃப், பென்டாக்ஸ் கே ஆகிய இரண்டிலும் பழைய லென்ஸ்கள் நிறைய உண்டு. ஆனால் 1977க்கு முந்தைய நிக்கான் லென்ஸ்களைப் பிந்தைய சில கேமராக்களில் பூட்டினால் கேமராவுக்கே சேதம் வரும். கேட்டு வாங்க வேண்டும். கேனான் எஃப்டி, ஓஎம், மினோல்ட்டா ஆகியவற்றையும் ஒதுக்க வேண்டாம். இன்றைய மிரர்லெஸ் டிஜிட்டல் கேமராக்களில் ஓர் அடாப்டர் வைத்து அந்த லென்ஸ்களைப் பொருத்தலாம்.

பழகுவதற்கு 1976 முதல் 1997 வரை வந்த பென்டாக்ஸ் கே1000 நல்ல ஆசிரியர். ஷட்டருக்கு பேட்டரி தேவையில்லை. லைட் மீட்டருக்கு மட்டும் ஒரு சிறிய பேட்டரி போதும். கேனான் ஏஇ-1 பேட்டரி தீர்ந்தால் படமே எடுக்காது. ஓஎம்-1 மீட்டர் பாதரச பேட்டரிக்காக அமைக்கப்பட்டது. மருத்துவமனையிலிருந்து பாதரசத் தெர்மாமீட்டர் போனதுபோல அந்த பேட்டரியும் கடையிலிருந்து போய்விட்டது. மாற்று ஏற்பாடு செய்ய வேண்டும்.

லென்ஸ் ஒன்றே ஒன்று போதும்: 50 மில்லிமீட்டர். வாங்குமுன் ஒரு பென் டார்ச்சை, நாங்கள் நோயாளியின் கண்மணியைப் பார்ப்பதுபோல, லென்ஸுக்குள் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல் தெரிந்தால் அது பூஞ்சை. நம் ஊர்க் கடற்கரைக் காற்றில் இருந்து வந்த லென்ஸ்களில் இது சாதாரணம். பின்மூடியைத் திறந்து, ஒளி புகாமல் தடுக்கும் கறுப்பு நுரைப்பட்டை பிசுபிசுக்கிறதா என்றும் தொட்டுப் பாருங்கள். பட்டையைக் குறைந்த செலவில் மாற்றிவிடலாம்; பூஞ்சை பிடித்த லென்ஸை வாங்காமல் விடுவதே நல்லது.

இதையெல்லாம் செய்யுமுன் ஒன்று. கடைக்குப் போகும் முன்பு வீட்டில் கேளுங்கள். தாத்தாவோ, பெரியப்பாவோ, ஆலயத்தில் உங்களுக்கு அருகில் உட்காரும் ஆன்ட்டியோ எழுபதுகளில் வாங்கிய ஒரு கேமரா பீரோவில் தூங்கிக்கொண்டிருக்கலாம். அதன் மவுண்ட் என்னவென்று பாருங்கள்; உங்கள் தேர்வு அங்கேயே முடிந்துவிடக்கூடும். ஒரு சுருளில் 36 படம்தான். முதல் படத்தை, அந்த கேமராவை உங்களுக்குக் கொடுத்தவரையே எடுங்கள். குட்வின் ஐயா தன் ஃபிலிமால் ஒரு காசும் பார்க்காமல் போனார். அதில் நம் பெரியவர்களின் முகங்கள் நிலைத்திருக்கட்டும்.