உரிமைத்தொகையும் பங்காதாயமும்: கோலார் தங்கவயலை முன்வைத்து

1880-களில் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் நிர்வாகத்தில் தழைத்த மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகாம், நந்திதுர்க் ஆகிய சுரங்க நிறுவனங்கள் லண்டனில் பதிவானவை. பங்குதாரர்களில் பெரும்பாலோர் பிரிட்டனில் இருந்தனர். எடுக்கப்பட்ட தங்கத்தின் மதிப்பில் 5 சதவீதத்தை மைசூர் அரசு உரிமைத்தொகையாகப் பெற்றது.

இத்தொகை இலாபத்தின் மீதன்று, உற்பத்தியின் மீது விதிக்கப்பட்டது. இலாபம் குறைந்த ஆண்டிலும் அதைச் செலுத்த வேண்டியிருந்தது. துணி வணிகர் வரியை விலையில் ஏற்றிவிடலாம். சுரங்க நிறுவனத்திற்கு அவ்வழி இல்லை. பொன் நாணய முறை நிலவிய காலத்தில் தங்கத்தின் விலை ஏறத்தாழ நிலையானது. ஆகவே சுமை பங்காதாயத்தில் விழுந்தது, அல்லது கூலியை உயர்த்தாமல் வைக்கும் காரணமாயிற்று.

2017 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரி இதற்கு நேர்மாறான தர்க்கம் கொண்டது. உள்ளீட்டு வரி வரவின் மூலம் சுமை இறுதி நுகர்வோரிடம் சென்று சேர வேண்டும் என்பதே அதன் நோக்கம். பங்குகள் சரக்காகவோ சேவையாகவோ கருதப்படுவதில்லை; தரகுக் கட்டணத்திற்கே 18 சதவீத வரி. நிலமும், நிறைவுச் சான்று பெற்றபின் விற்கப்படும் கட்டடமும் வரிவரம்புக்கு வெளியே உள்ளன. கட்டுமானத்திலுள்ள குடியிருப்புகளுக்கு 2019 ஏப்ரல் முதல் உள்ளீட்டு வரவின்றி 5 சதவீதம் (மலிவு விலை வீடுகளுக்கு 1 சதவீதம்). கட்டுநர் சிமெண்டுக்கும் இரும்புக்கும் செலுத்திய வரி, வரவாகத் திரும்பாமல் வீட்டு விலைக்குள் மறைகிறது. முதலீட்டாளர் அதை வரியாகக் காண்பதில்லை, ஆனால் செலுத்துகிறார்.

உரிமைத்தொகை என்பது வரியா, விலையா? 1989-இல் இந்தியா சிமெண்ட்ஸ் வழக்கில் அதை வரி என்று கூறிய உச்ச நீதிமன்றம், 2024 ஜூலை 25 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வின் பெரும்பான்மைத் தீர்ப்பில் அது வரியன்று என்றது. சொல் மாறினால் சட்ட விளைவு மாறும். பங்குதாரரின் கணக்கில் கழிக்கப்படும் தொகை மாறாது.

இக்கணக்குகளில் இடம்பெறாதவர்கள் வடார்க்காடு, சேலம் பகுதிகளிலிருந்து வந்த, பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த தமிழ்த் தொழிலாளர்கள். 1956-இல் சுரங்கங்கள் நாட்டுடைமையாயின. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது. தங்கவயல் பகுதிகளின் வரலாற்றில் அதன் பின் முன்னெழுந்தது வீட்டுரிமைக் கேள்வியே. தலைமுறைகளாக வாழ்ந்த வீட்டுக்குப் பத்திரம் இல்லாதவருக்கு, சொத்தின் மீதான வரிவிலக்கால் பயன் ஏதும் இல்லை.